குடையின் விளிம்பு

2018 ஆகஸ்டில் கோடைக்கானல் மலைச்சரிவொன்றில் அம்மாவோடு நின்றேன். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி, 2006-க்குப் பின் மீண்டும் பூத்திருந்தது. காற்றும் மழையும் சுழன்றடித்தன. மூடுபனி பூக்களை மறைப்பதும் காட்டுவதுமாய் இருந்தது. வெண்பனியை மிகுந்த வெளிச்சமென்று கணக்கிட்டுப் புகைப்படக் கருவி படத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்தேன். லென்சில் துளி விழாதபடி அம்மா குடை பிடித்தார்.

வீடு திரும்பிக் கணினியில் படத்தைத் திருத்தினேன். பனியை நீக்கினேன், நீலத்தை அழுத்தமாக்கினேன், மூலையில் தெரிந்த குடை விளிம்பையும் வெட்டினேன். பெருமையோடு காட்டியபோது அம்மா நெடுநேரம் பார்த்தார். "அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் நாம் நின்ற இடம் இதுவா?" என்றார்.

மூலப்படத்தை மீண்டும் திறந்தேன். தொலைவு கூடக்கூட வெளிறிச் சென்ற முகடுகளே மலையின் ஆழத்தைக் காட்டின. திருத்திய படத்திலோ அவை ஒரே சுவரில் ஒட்டியவைபோல் இருந்தன. ஒளியை மட்டும் சற்றே சீர்செய்து, மற்றவற்றை இருந்தபடியே விட்டேன்.

குறிஞ்சி இனி 2030-இல் பூக்க வேண்டும். அம்மா இன்று இல்லை. சுவரிலுள்ள அப்படத்தைக் காண்போர் பூக்களைப் புகழ்கின்றனர். என் கண்களோ, பிழையென்று நான் வெட்டியெறிந்த அந்தக் குடையின் விளிம்பையே முதலில் தேடுகின்றன.