ஷர்கிய்யா மணற்பரப்பில் ஒரு பகல்

ஓமான் நாட்டின் தலைநகரான மஸ்கட்டிலிருந்து தென்கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தால் பிதிய்யா என்னும் ஊர் வரும். அதுவரை வழுவழுப்பான தார்ச்சாலை. வழி நெடுக ஹஜர் மலைத்தொடரின் மொட்டைப் பாறைகள். பிதிய்யாவில் கிளைச்சாலை ஒன்றில் திரும்பிப் பேரீச்சந் தோப்புகளைக் கடந்ததும் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. சுவர் எழுப்பினாற்போல் செந்நிற மணல்மேடு எதிரே நிற்கிறது. அதுதான் ஷர்கிய்யா மணற்பரப்பு. அங்கு வாழும் பதூயின் கூட்டத்தாரின் பெயரால் முன்பு வஹீபா மணற்பரப்பு எனப்பட்டது.

வடக்கு தெற்காகச் சுமார் 180 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் பரந்த மணற்கடல் இது. வடபகுதியில் மேடுகள் நூறு மீட்டர் உயரம்வரை எழுகின்றன. பார்வைக்கு உயிரற்ற வெளி. ஆனால் 1986ஆம் ஆண்டு பிரிட்டனின் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியைச் சேர்ந்த அறிவியலாளர்கள் இங்கே தங்கி ஆராய்ந்து, எத்தனையோ செடிகொடிகளையும் உயிரினங்களையும் பதிவு செய்து சென்றார்கள். மணலின் ஓரங்களில் 'காஃப்' என அரபியர் அழைக்கும் மரங்கள் நிற்கின்றன. அருகில் சென்று பார்த்தபோது வியந்து போனேன். நம் ஊரில் வன்னி மரம் என்கிறோமே, அதேதான்!

வாசகர்களே, நான் அங்கே சென்றது வேடிக்கை பார்க்க மட்டுமன்று. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், மணலுக்குள் இருக்கும் சுற்றுலாக் கூடாரங்களுக்குத் தண்ணீரும் மளிகையும் கொண்டுசெல்லும் பிக்கப் வண்டியை ஓட்டுகிறார். 2024 ஜனவரியில் நான் மஸ்கட் செல்வதை அறிந்த அவருடைய தாயார் வீடு தேடி வந்தார். "ஹஜ்ரத், மூணு மாசமா அவன் பாதிப் பணந்தான் அனுப்புறான். கேட்டா சிரிச்சுப் பேசி வச்சுடுறான். என்ன ஏதுன்னு நீங்கதான் பார்த்து வரணும்" என்றார். அந்தக் கவலை என் பயணப் பையில் இருந்த எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

காற்றைக் குறைக்கும் கலை

தோப்பின் எல்லையில் வண்டியை நிறுத்திய மாணவர், நான்கு சக்கரங்களிலும் காற்றைத் திறந்துவிடத் தொடங்கினார். பஞ்சராகிவிட்டதோ என்று நான் பதறினேன். அவர் சிரித்தார். "ஒட்டகத்தோட பாதத்தைப் பாருங்க ஹஜ்ரத். மணல்ல வைக்கும்போது விரிஞ்சு கொடுக்கும். டயரும் அப்படி விரியணும்" என்றார்.

தார்ச்சாலையில் 35 பவுண்டு காற்று வைத்து ஓடும் டயரை, மணலில் 15 முதல் 18 பவுண்டுக்கு இறக்குகிறார்கள். காற்று பாதியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதுவும் பெரும்பாலும் நீளவாக்கில். அதே எடை அதிக இடத்தில் பரவுவதால் சக்கரம் புதையாமல் மணலின்மேல் நடக்கிறது. ஆனால் திரும்பித் தார்ச்சாலை ஏறியவுடன் மறுபடியும் காற்றடித்தாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் அதன் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். இதற்காகச் சிறிய கம்ப்ரஸர் ஒன்று அவருடைய வண்டியில் எப்போதும் இருக்கிறது.

அந்த இரவு

நண்பகலில் ஒரு வன்னி மரத்தடியில் இறங்கி ளுஹரைத் தொழுதோம். சாப்பிட அமர்ந்ததும் தாயார் சொல்லியனுப்பியதைக் கேட்டேன். வெகுநேரம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை. பின்னால் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மேட்டின் சரிவில் இறங்கும்போது பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் தாய்ப்பட்டை ஒடிந்தது. அச்சு விலகியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. சற்று அசைந்தாலும் உருண்டுவிடும். கைபேசியில் சிக்னல் இல்லை. பாரத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லாமல் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார்.

"ஆயிரம் லிட்டர் தண்ணியையும் மணல் குடிச்சுது, ஹஜ்ரத். அது போற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்" என்றார். வண்டியை விட்டு நடக்கக் கூடாது என்பது பாலைவனத்தின் முதல் விதி. அதன்படி அங்கேயே இருந்தார். ஃபஜ்ரு வேளைக்குப் பின் ஒட்டகம் தேடி வந்த பதூயின் முதியவர் ஒருவர் கண்டு உதவினார். இதை அவர் தாயாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றே ஊருக்குத் திரும்பிவரச் சொல்வார் என்ற பயம்.

ஸ்பிரிங்கும் டயரும்

அதன் பிறகுதான் வண்டியைச் செப்பனிட்டார்கள். அவர் காட்டக் காட்ட நானும் கற்றுக்கொண்டேன். இவ்வகைப் பிக்கப்பில் முன்புறம் சுருள் ஸ்பிரிங். பின்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். பட்டைகளைக் கூட்டினால் பாரத்தில் வண்டி தாழாது. ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் வெறும் வண்டியாக ஓடும்போது குதிக்கும். குதிக்கும் சக்கரம் பிடிப்பை இழக்கும். ஆகவே எடை மேடையில் வண்டியை வெறுமையாகவும் பாரத்தோடும் நிறுத்தி, அச்சுவாரியாக எடை பார்த்து, அதற்கேற்ற ஸ்பிரிங்கைப் பூட்டினார்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக் அப்சர்வரையும் அதற்கு இணையாக மாற்ற வேண்டும். இல்லையேல் அழுந்திய ஸ்பிரிங் துள்ளி எழுவதை அடக்க ஆளிருக்காது. அந்நாட்டுக் காவல்துறையின் விதிகளைக் கேட்டறிந்த பிறகே வேலையைத் தொடங்கினார்களாம்.

டயரில் பெரிய அளவு போடச் சொல்லி நண்பர்கள் தூண்டியிருக்கிறார்கள். பார்வைக்கு மிடுக்காக இருக்கும். வண்டியின் அடிப்பாகமும் சற்று உயரும். ஆனால் 265/65 ஆர் 17 அளவிலிருந்து 285/70 ஆர் 17க்கு மாறினால் சக்கரத்தின் விட்டம் 7 சதவீதம் கூடுகிறது. வேகமானி 100 காட்டும்போது வண்டி 107இல் ஓடும். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும். உயரம் ஏற ஏற மணற்சரிவில் உருளும் அபாயமும் ஏறும். எனவே பழைய அளவிலேயே, சுமை தாங்கும் உறுதியான டயர்களாக வாங்கினார். அதன் பக்கச்சுவரில் உள்ள எண்களையும் படித்துக் காட்டினார். சுமை எண் 112 என்றால் அந்த ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். கடைசி நான்கு இலக்கம் 1523 என்றால் 2023ஆம் ஆண்டின் 15ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டயர் வாங்கும் எவரும் இதைப் பார்த்து வாங்கலாம். கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங்குக்கு முதலாளி பணம் தந்தார். டயருக்கு மலிவானதே போதும் என்று சொல்லிவிட்டார். நான்கு டயர்களையும் மாணவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தார். தாயாரின் மூன்று மாதப் பாதிப் பணம் அந்தச் சக்கரங்களில்தான் இருந்தது.

வாயில்லாத வாகனம்

கதை அதோடு முடியவில்லை. "இப்போ ஸ்பிரிங் உறுதியாயிடுச்சே, ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் ஏத்துன்னு முதலாளி சொல்றார், ஹஜ்ரத். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

அன்பர்களே, கணக்கைப் பாருங்கள். இத்தகைய பிக்கப்களின் சுமைத்திறன் ஏறத்தாழ ஒரு டன். சில வகைகளுக்கு அதற்கும் குறைவு. ஓட்டுநரின் எடையும் அதில் அடக்கம். ஆயிரம் லிட்டர் தண்ணீரே ஆயிரம் கிலோ. தொட்டியையும் ஆளையும் சேர்த்தால் எல்லை முன்பே மீறப்பட்டிருக்கிறது. முன்பு பட்டை ஒடிந்ததன் காரணமும் அதுவே. ஸ்பிரிங்கை மாற்றியதால் அச்சும் சட்டமும் பிரேக்கும் புதிதாகிவிடவில்லை. ஸ்பிரிங்கை வலுப்படுத்துவது உரிய பாரத்தைப் பத்திரமாகச் சுமப்பதற்கே, பாரத்தைக் கூட்டுவதற்கன்று.

ஒருமுறை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஓர் அன்சாரியின் தோட்டத்துக்குள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டது. நபியவர்கள் அதைத் தடவி ஆற்றி, உரிமையாளரை அழைத்து, அதைப் பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்குவது பற்றிக் கண்டித்தார்கள். ஹதீஸ் நூல்களில் வரும் இந்நிகழ்ச்சியை அந்த மரத்தடியில் அவருக்கு நினைவூட்டினேன். ஒட்டகத்துக்காவது கண்ணீர் இருந்தது. இரும்புக்கு அதுவும் இல்லை. அது ஒடியும்போதுதான் பேசுகிறது. அப்போது அதன்மேல் இருப்பவரோ ஒரு தாயின் பிள்ளை. வாகனமும் அமானத், அதை ஓட்டுபவரின் உயிரும் அமானத்.

"தம்பி, எடைச்சீட்டைக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டு. கோபப்படாமல் பேசு" என்றேன். அவ்வாறே செய்தார். 750 லிட்டர் வீதம் இரண்டு நடையாகக் கொண்டுவர முதலாளி ஒப்புக்கொண்டார். இரண்டாம் நடைக்குத் தனிக்கூலி இல்லை என்ற நிபந்தனையோடு. மாணவர் அதற்கும் இசைந்தார்.

ஊர் திரும்பியதும் தாயாரைச் சந்தித்தேன். மகனின் சம்மதத்தோடு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சற்றுநேரம் கழித்து ஒன்று கேட்டார். "அந்த டயரு இன்னும் எத்தனை வருசம் உழைக்கும், ஹஜ்ரத்?" வெயிலையும் ஓட்டத்தையும் பொறுத்தது என்றேன். "அடுத்த தடவை மாத்தும்போது எனக்கு அனுப்புற பணத்துல முழுசையும் எடுத்துக்கச் சொல்லுங்க. வட்டிக்கடன் இல்லாம நான் சமாளிச்சுக்குவேன்" என்றார்.

கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகளையும் கணவன்மாரையும் உடைய இல்லங்கள் நம்மிடையே ஏராளம். இந்த மாதம் அவர்களோடு பேசும்போது, எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேட்பதற்கு முன், என்ன வண்டியில் போகிறீர்கள், அதன் சக்கரங்கள் எப்படி இருக்கின்றன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெகுநாளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அவர்கள் அப்போது சொல்லக்கூடும்.