ஏரியின் அமைதி யாருக்குச் சொந்தம்?

மலையேரி ஒன்றில் தோணி செலுத்தி மீன்பிடிக்கச் சென்ற கதையைச் சமுதாயப் பிரச்சினைகளைப் பேசும் ஏட்டில் எழுதுவதா என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினோம். விடுமுறையில் சில நாள் ஓய்வு; அதற்குமேல் அதிலே என்ன இருக்கிறது? ஆனால், அமைதியான ஏரியொன்றைத் தேடிப் புறப்படுவோர் முதலிற் சந்திப்பது ஏரியை அன்று, வேலியையே. அந்த வேலியின் வரலாற்றை அறியாமல் ஏரியை அறிய முடியாது என்பதை அனுபவமே எமக்குக் கற்பித்தது.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், வானளாவும் கட்டடங்களுக்குப் பெயர்போன நகரத்துக்கு வடக்கே நெடுந்தொலைவில், அடிரொண்டாக் என்னும் மலைநாடு உள்ளது. 1892ஆம் ஆண்டில் எல்லை வகுக்கப்பட்ட அவ்வனப்பூங்கா ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் பரப்புடையது. ஆயிரக்கணக்கான ஏரிகளும் குளங்களும் அதனுள் அடங்கும். ஆயினும், நிலத்திற் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கே பொதுமக்களுடையது, எஞ்சியது தனியாருடையது. அம்மாநிலத்தில் ஆசிரியத் தொழில் புரியும் எமது யாழ்ப்பாணத்து நண்பரும், அவருடைய பதினான்கு வயது மகனும், அவர்கள் வீட்டில் விருந்தினராயிருந்த நாமும் ஒரு கோடைகாலத்தில் அங்கே பயணமானோம்.

நாம் தேடிய மீன் பெருவாய்ப் பாஸ். பச்சை நிற மேனியும், பக்கவாட்டில் ஓடும் கருங்கோடும், கண்ணையும் தாண்டிப் பிளக்கும் வாயும் உடையது. எமது நாட்டு விராலைப் போல, நீர்ப்பூண்டுகளின் மறைவிலும் மூழ்கிய மரங்களின் நிழலிலும் பதுங்கியிருந்து இரையைப் பாய்ந்து கவ்வும். விராலைப் போலவே தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். ஆழமற்ற, இளஞ்சூடான நீரே அதற்கு உகந்தது. அத்தகைய நீரில் இயந்திரப் படகு புகுந்தால் மீன் சிதறிவிடும். கனூ என்னும் சிறு துடுப்புத் தோணியோ ஒரு சாண் நீரிலும் ஓசையின்றி வழுக்கிச் செல்லும். ஒருவர் துடுப்பை நீரினின்று எடுக்காமலே தோணியை நிறுத்த, மற்றவர் அல்லிக் கொடிகளின் ஓரத்தில் தூண்டிலை வீசவேண்டும். துடுப்புத் தோணியின் விளிம்பில் ஒருமுறை தட்டினாலும் அன்றைய வேட்டை முடிந்தது என்பார் நண்பர்.

ஆகவே, ஏரியைத் தேர்வதே பாதி வேலை. நண்பர் வரைபடத்தை விரித்து வைத்தார். வீதி தொடாத நீலத்தைத் தேடவேண்டும்; தோணியைத் தோளிற் சுமந்து நடக்கவேண்டிய தூரத்தை அளக்கவேண்டும்; பொதுநிலத்தைக் குறிக்கும் நிறம் கரைவரை வருகிறதா என்று பார்க்கவேண்டும். அவர் சொன்னவற்றைப் பொருட்படுத்தாமல், உயரத்திலே தனித்துக் கிடந்த குளமொன்றை அழகு கருதி நாமே முதல் நாளுக்குத் தெரிந்தோம்.

ஒரு மைல் ஏறிச் சென்றோம். கண்ணாடி போன்ற நீர். அடியிலுள்ள கல்லும் தெரிந்தது. இதனினும் அமைதியான இடம் உலகில் இல்லையென்று மகிழ்ந்தோம். மாலைவரை தூண்டில் அசையவே இல்லை. இறங்கி வந்தபோது அவ்வூர் முதியவரொருவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். அக்குளத்தில் மீனே இல்லை என்றார். மேற்குப் பக்கத்து மாநிலங்களின் அனல்மின் நிலையங்கள் எரித்த நிலக்கரியின் கந்தகப் புகை அமிலமழையாகப் பெய்து, மலையுச்சிக் குளங்கள் பலவற்றை மீனற்றவையாக்கிற்று. நாம் வியந்த தெளிவு நோயின் அறிகுறி. 1990ஆம் ஆண்டில் தூயகாற்றுச் சட்டம் திருத்தப்பட்டு, புகைக்குக் கட்டுப்பாடு வந்தபின் பல குளங்கள் மெல்ல மீண்டு வருகின்றன; சில இன்னும் மீளவில்லை. அமைதி இருவகைப்படும் என்பதை அன்று உணர்ந்தோம்: ஒன்று வாழ்வின் அமைதி, மற்றது சுடலையின் அமைதி.

இரண்டாம் நாள் கீழிறங்கிச் சென்றோம். பாஸ் மீனுக்கெனவே அமைந்தாற்போன்ற ஓர் ஏரி மரங்களினூடே தெரிந்தது. ஆனால் மரத்துக்கு மரம் பலகை அறையப்பட்டிருந்தது: தனியார் நிலம், உட்புகுவோர் தண்டிக்கப்படுவர். தோணியைத் தோளிலிருந்து இறக்காமலே திரும்பினோம்.

அப்பலகைகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருஞ் செல்வர்களும் அவர்களது கழகங்களும் இம்மலைநாட்டில் பல்லாயிரம் ஏக்கரை வாங்கி, காலங்காலமாக அங்கே மீன்பிடித்து உண்ட ஊரவர்களை வெளியே தள்ளினர். வில்லியம் றொக்பெல்லர் வளைத்த நிலத்திலே சென்று மீன்பிடித்தார் ஒலிவர் லமோறா என்னும் முதியவர். உள்நாட்டுப் போரிற் பொருது ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஏழை அவர். 1902இல் தொடங்கிய வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அரசாங்கம் பொதுப்பணத்தில் விட்ட மீன் பொதுமக்களுக்கும் உரியதன்றோ என்று அவர் தரப்பில் வாதாடினர். ஊரவர் அவர் பக்கம் நின்றனர். இறுதியில் வென்றவர் றொக்பெல்லரே. எனினும் அக்கேள்வி மடியவில்லை. 1991இல் சிலர் மூஸ் ஆற்றின் தென்கிளையில், ஒரு கழகத்தின் நிலத்தினூடே தோணி செலுத்திச் சென்று வழக்கைச் சந்தித்தனர். ஓர் ஆறு பொதுமக்களின் பயணத்துக்கு உரியதா என்று முடிவு செய்கையில், வணிகப் பயணத்தை மட்டுமன்றிப் பொழுதுபோக்குப் பயணத்தையும் கருதலாம் என்று 1998இல் மாநிலத்தின் உச்ச நீதிபீடம் தீர்ப்பளித்தது.

அன்றிரவு கூடாரத்தில் நண்பர் இன்னொருவரைப் பற்றியும் கூறினார். நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜோர்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், தொழிலால் சப்பாத்துத் தைப்பவர், மெலிந்த தேகம், நோயாளி. அக்காலத்தில் அடிரொண்டாக்கில் உலாவவேண்டுமாயின், பாரமான படகைச் சுமந்து வலிக்க வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தவேண்டும். அது செல்வருக்கே இயலும். தாமே தூக்கக்கூடிய தோணியொன்றைச் செய்து தருமாறு சியர்ஸ், றஷ்டன் என்னும் தச்சரைக் கேட்டார். 1883ஆம் ஆண்டில், தமது அறுபத்திரண்டாம் வயதை அண்மிய நிலையில், பத்தரை இறாத்தல் நிறையே கொண்ட தோணியில் 266 மைல் தனியே சென்று வந்து, தம் போன்ற எளியவர்களுக்காக அதனை எழுதினார். தோணியின் பாரத்தைக் குறைப்பதுகூட ஒரு சமத்துவப் பணியாகலாம்!

மூன்றாம் நாள், பொதுநிலத்திலுள்ள லோஸ் ஏரியை நோக்கிச் சென்றோம். பொக் ஆற்றின் கீழணையருகே தோணியை இறக்கி, மூன்று மைல் வலித்து, மேலணையைச் சுற்றித் தோணியைச் சுமந்து, மீண்டும் நீரில் விட்டோம். மிதக்கும் சதுப்புத் தீவுகள் இருபுறமும் வந்தன. லூன் என்னும் நீர்ப்பறவை எங்கோ ஓலமிட்டது. அணையைத் திரும்பிப் பார்த்த சிறுவன் கேட்டான்:

"மாமா, இந்த அணையை ஆர் கட்டினது?"

"ஓகஸ்டஸ் லோ எண்டு ஒரு பணக்காரர், தம்பி. 1903இலும் 1907இலும் ரெண்டு அணை கட்டினவர்."

"அவர் தன்ரை கையாலையோ கட்டினவர்?"

நாம் விடையின்றி இருந்தோம். லோ குடும்பத்தின் செல்வம் சீனத் தேயிலை வணிகத்தில் திரண்டது. எங்கோ ஒரு மலைச்சரிவிற் கொழுந்து பறித்த விரல்களும், இங்கே கல் சுமந்த தோள்களும் சேர்ந்து தேக்கிய நீரில் எமது தோணி மிதந்துகொண்டிருந்தது. ஏரிக்கு வாய்த்ததோ லோவின் பெயர். தேயிலை நாட்டிலிருந்து சென்ற எமக்கு இதை விளக்க வேறொருவர் வேண்டியதில்லை.

அந்த ஏரியின் அமைதியும் தானாக வந்ததன்று. 1985இல் மாநிலம் அந்நிலத்தை வாங்கியது. பொதுமக்களின் இயந்திரப் படகுகள் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளன; நீண்ட வழக்குகளுக்குப்பின் 2011ஆம் ஆண்டு முடிவோடு நீர்விமானங்கள் இறங்குவதும் நிறுத்தப்பட்டது. அரசுக் காடுகள் என்றென்றும் காடாகவே இருக்கவேண்டும் என்று 1894இல் மாநிலத்தின் அரசியலமைப்பில் எழுதப்பட்ட விதியே இவையனைத்துக்கும் அடித்தளம். காட்டின்மேற் கொண்ட காதல் மட்டும் அவ்விதியைத் தரவில்லை. மரம் அழிந்தால் ஈரிக் கால்வாயிலும் ஹட்சன் ஆற்றிலும் நீர் குறைந்து வணிகம் கெடும் என்ற அச்சமும் அதிற் கலந்திருந்தது. ஆயினும், வணிகர் தமக்காக ஆதரித்த விதியை மக்கள் தமதாக்கிக் கொண்டனர்.

பொழுது சாயும் வேளையில், சாய்ந்த மரமொன்றின் நிழலில் சிறுவன் வீசிய இறப்பர் புழுவை ஒரு மீன் கவ்வியது. தோணி ஆடிற்று. நீரைப் பிளந்து எழுந்து, வாயை அகலத் திறந்து தலையை உதறியது, பாஸ் தான்! அவன் நடுங்கும் கைகளால் அதைத் தூக்கியபோது எமது களைப்பெல்லாம் பறந்தது. ஆனால் நண்பர் அப்போது ஓர் உண்மையைச் சொன்னார். இந்த மீன் இவ்வேரிக்கு அந்நியம். எவரோ தம் இன்பத்துக்காக அனுமதியின்றிக் கொணர்ந்து விட்டதன் விளைவாக, இங்கே வாழ்ந்த ஓடைத் ட்ரவுட் மீனினம் நலிவுற்றது. பொதுச்சொத்தைத் தனிவிருப்பத்துக்கு ஆளாக்குபவர் பலகை அறையும் செல்வர் மட்டுமல்லர். தூண்டிலேந்திய எம் போன்றவரும்தான். மீனை நாம் திருப்பி விடவில்லை. இரவு நெருப்பிற் சுட்டு மூவரும் பகிர்ந்து உண்டோம்.

அமைதியான ஏரியைக் கண்டுபிடிக்க வழி என்னவென்று இப்போது எவரேனும் கேட்டால் நாம் சொல்வது இதுதான்: வரைபடத்தில் நீலத்தைத் தேடுமுன், அதைச் சுற்றியுள்ள நிலம் யாருடையது என்று பாருங்கள், அதன்மேல் யாருடைய புகை படிகிறது என்று கேளுங்கள். அமைதி எங்கும் இயற்கையாகக் கிடைப்பதில்லை. அது மனிதர் போராடி ஈட்டி, சட்டமாக்கி, விழித்திருந்து காக்கும் பொதுச்சொத்து. அந்தச் சிறுவன் கேட்ட கேள்வியை எமது வகுப்பறைகளிலுள்ள பிள்ளைகளும் கேட்பார்களாக.