உப்பனாற்றுக்கு அக்கரையில்

2025 ஜூலை 8ஆம் தேதி காலையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து வெளியூரில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளை மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பெயருக்குள் நான் வளர்ந்த இன்னொரு ஊரும் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறோம். அதனால்தான் எழுதிவைக்கத் தோன்றியது.

கடலூர் முதுநகருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவில், சிதம்பரம் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். மேற்கே செம்மண் மேட்டில் முந்திரிக்காடு. கிழக்கே உப்பனாறு. ஆற்றைக் கடந்தால் மணல்மேடுகள், சவுக்குத் தோப்பு, தாழம்புதர், பனை. அதற்கும் அப்பால் கடல். புலியும் யானையும் இருந்தால்தான் காடு என்று நினைப்பவர்களுக்கு இது காடாகத் தெரியாது. தாத்தாவுக்கு இது காடுதான். சவுக்கு வெட்டவும் ஆடு மேய்க்கவும் அக்கரைக்குப் போனால் சில சமயம் இரண்டு மூன்று ராத்திரி அங்கேயே தங்கிவிடுவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன்.

அவர் எடுத்துக்கொண்டு போனதை ஒரு கையால் தூக்கிவிடலாம். இடுப்பில் கொடுவாள். பிளாஸ்டிக் காகிதத்தில் இறுகச் சுற்றி மடியில் செருகிய தீப்பெட்டி. தோளில் ஒரு சாக்கு. மழை வந்தால் அதன் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் போட்டால் கொங்காணி, ராத்திரியில் அதுவே பாய். ஒரு சுரைக்குடுக்கை, கொஞ்சம் உப்பு, ஒரு பிடி அரிசி. கயிறு கொண்டுபோக மாட்டார். பனை இருக்கும் இடத்துக்குக் கயிறு எதற்கு?

அமெரிக்காவில் டேவ் கேன்டர்பரி என்பவர் காட்டில் தங்கும் கலையைச் சொல்லித்தருகிறார். வெட்டும் கருவி, தீமூட்டி, மேலே போர்த்திக்கொள்ள ஒன்று, பாத்திரம், கயிறு ஆகிய ஐந்தும் இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்பது அவர் பாடம். அதைப் படித்தபோது தாத்தாவின் சாக்குதான் கண்முன் வந்தது. கடைகளில் இப்போது இந்த ஐந்தையும் ஒரு பையில் போட்டு ஆயிரக்கணக்கில் விலைவைத்து விற்கிறார்கள். பையைக் குறை சொல்லவில்லை, நல்ல பொருள்கள்தான். தாத்தாவின் சுமை இலேசாக இருந்ததற்குக் காரணம் வேறு. மீதி எல்லாவற்றையும் அந்த மண் கொடுத்தது, எந்த இடத்தில் எதைக் கேட்டு வாங்குவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கொடுவாள், பழைய லாரி பட்டையைக் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்தது. வெங்கச்சங்கல்லைப் பொடித்து வைத்திருப்பார். காய்ந்த பனைமட்டை மேல் அதைத் தூவி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தீட்டுவார். தீட்டி முடித்ததும் முனையிலிருந்து பிடி வரைக்கும் வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். விளிம்பில் எங்காவது வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே இன்னும் மழுங்கல் என்று அர்த்தம். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. வேலை நடக்காத நேரத்தில் கொடுவாளை மணலில் குத்தி வைக்க விடமாட்டார். “மண்ணுல குத்தினா நாளைக்கு உன் கையிலதான்டா குத்தும்” என்பார். மழுங்கிய கத்திக்கு அதிகம் பலம் கொடுக்க வேண்டும், பலம் கொடுக்கும்போதுதான் கை வழுக்கும்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தையாகத் தெரிந்தது ஊற்று. கடல் இரைச்சல் காதில் கேட்கும் தூரத்தில், நாலா பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்கும் இடத்தில், குடிதண்ணீர் எடுப்பார். மணல்மேட்டின் நேர் உச்சியிலும் தோண்ட மாட்டார், ஆற்றோரத்திலும் தோண்ட மாட்டார். இரண்டு மேடுகளுக்கு நடுவில், கோரையும் புல்லும் பச்சையாக நிற்கிற பள்ளத்தைத் தேடுவார். அகலமாக மணலை வாரி ஒதுக்கி, ஈரம் தட்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்து, கசிந்து, கலங்கலாகத் தண்ணீர் நிற்கும். முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊறி வருவது தெளிந்து வரும். கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு, பன்னாடையில் வடிகட்டிக் குடுக்கையில் ஊற்றுவார். அவசரப்பட்டு நான் இன்னும் ஆழமாகக் கையை விட்டால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

“ஆழம் போவாதடா தம்பி. மேலால நிக்கற தண்ணி மழையுது, அது நம்பளுக்கு. கீழ இருக்கறது கடலுது.”

அவர் சொன்னதற்குள் இருந்த கணக்கைப் பல வருஷம் கழித்துப் புத்தகத்தில் படித்தேன். நன்னீர் உப்புநீரைவிட எடை குறைவு. மழைநீர் மணலில் இறங்கி, கீழே பரவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரைக்கும் நன்னீரே இருக்கும் என்று நெதர்லாந்தின் கைபென், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டு சொன்னார்கள். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி கடல் ஏறி வரும். மணல்மேட்டை வாரிக்கொண்டு போனாலும் சரி, ஆழ்துளைக் கிணறு போட்டு இடைவிடாமல் இழுத்தாலும் சரி, விளைவு அதுதான்.

தீ விஷயத்தில் தாத்தாவுக்கு அவசரமே கிடையாது. முதலில் சேர்ப்பு, பிறகுதான் தீக்குச்சி. பன்னாடையைக் கையால் கசக்கிப் பஞ்சுபோல் ஆக்கி, மேலே சவுக்குச் சருகு, அதன்மேல் விரல் கனத்துக்குச் சுள்ளி, அப்புறம் விறகு. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் தீப்பெட்டியை மடியிலிருந்து எடுப்பார். சவுக்கு பச்சையாக இருந்தாலும் எரியும் மரம். மழைநாளில் நனைந்த கட்டையைக் கொடுவாளால் பிளந்து உள் மரத்தைச் சீவினால் காய்ந்த சிராய் கிடைக்கும். பனையில் தொங்கும் காய்ந்த ஓலைகளின் உள்ளடுக்கும் அப்படித்தான், எந்த மழையிலும் நனையாது.

முந்திரி சீசனில் அந்தத் தீ எங்களுக்கு. ஓட்டை போட்ட தகரத்தை மூன்று கல் மேல் வைத்து, கொட்டைகளைக் கொட்டி, கீழே சருகை எரிப்போம். முதலில் ஓடு வியர்க்கும். பிறகு எண்ணெய் கசிந்து சீறும். திடீரென்று தகரம் முழுக்கத் தீ பிடித்துக் கரும்புகை எழும். புகை மூக்கில் ஏறினால் தொண்டை எரியும் என்பதால் காற்று வரும் பக்கமாக நின்றுகொள்ள வேண்டும். நீண்ட கழியால் தகரத்தைத் தள்ளிக் கவிழ்த்து, மேலே மணலை வாரிப் போட்டால் தீயும் அணையும், மீந்த எண்ணெயையும் மணல் குடித்துவிடும். அதற்கு முன் கையால் தொட்டவன் விரலெல்லாம் பொத்துப்போய்ப் பள்ளிக்கூடம் போவான். கல்லால் தட்டி எடுத்த அந்தப் பருப்பின் வாசனை, பண்ருட்டிக் கடையில் பாக்கெட்டில் வாங்கும் பருப்பில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

நார் உரிப்பது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பச்சைப் பனைமட்டையின் உட்புறத் தோலை நீளவாட்டில் கீறி உரித்தால் நார். காய்ந்தால் முறியும், தண்ணீரில் ஊறினால் வளையும். ஈரத்தில் முடிச்சுப் போட்டு விட்டுவிட்டால் காயக் காயத் தானே இறுகும். நாலு சவுக்குக் கழி, ரெண்டு ஓலை, கொஞ்சம் நார் இருந்தால் ராத்திரிக்கு ஒரு சாய்ப்பு ரெடி. கடலுக்கு முதுகைக் காட்டித்தான் அதைக் கட்டுவார்.

தாத்தா தன்னைக் கெட்டிக்காரர் என்று சொல்லிக்கொண்டதில்லை. பிச்சாவரம், கிள்ளை பக்கத்து இருளர்களைப் பற்றித்தான் வியந்து பேசுவார். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சுரபுன்னை வேர்களுக்கு நடுவில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனை ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். விரலில் படுவது இறாலா, நண்டின் கொடுக்கா, கெளிறின் முள்ளா என்று சேற்றுக்குள் பார்க்காமலே தெரிய வேண்டும். உலகத்தில் எந்தப் பயிற்சி முகாமிலும் இதைவிடப் பெரிய பாடம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

பழையதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே நாரால் இறுகக் கட்டுவதும், பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றுவதும் எங்கள் பக்கத்தில் வழக்கமாக இருந்தது. இரண்டுமே கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக்கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள், 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் நடக்கும் கூட்டுறவுச் சங்கத்து இருளர்கள்தான். அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

தாத்தா போய்விட்ட பிறகு, அவர் கற்றதெல்லாம் ஆயாவிடமும் இருந்தது என்பதை 2011 டிசம்பர் 29ஆம் தேதி ராத்திரி பார்த்தேன். கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். தானே புயல் மறுநாள் விடியற்காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியது. ஆயா பொழுது சாயும்போதே குடங்களையெல்லாம் நிரப்பி வாயைக் கட்டிவிட்டாள். தீப்பெட்டியைச் சொம்புக்குள் போட்டு மூடினாள். விறகைப் பரண்மேல் ஏற்றினாள். ஆடுகளை அவிழ்த்துவிட்டாள். கடைசியாகக் கொட்டகையிலிருந்த கொடுவாளை வீட்டுக்குள் எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, “கதவு மேல மரம் வுழுந்தா என்னாத்த வெச்சு வெட்டிக்கினு வெளிய வருவ?” என்றாள். இன்னொன்றும் சொன்னாள்: “காத்து நின்னுபோச்சுன்னு யாரும் கதவத் தொறக்காதீங்க. திரும்பி வரும்.” புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கி, பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். ஆயா வானிலைப் பாடம் படித்தவள் இல்லை.

விடிந்து பார்த்தால் மேற்கே முந்திரிக்காடே இல்லை. வேரோடு புரண்டு கிடந்தது. பலாவும் அப்படியே. பனைகள் மட்டும் நின்றன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. விழுந்த சவுக்கைப் பிளந்து உலை வைத்தோம்.

2004 டிசம்பர் 26 சுனாமியை ஆராய்ந்தவர்கள், கடலூர் மாவட்டக் கரையில் சதுப்புக்காடும் சவுக்குத் தோப்பும் நின்ற இடங்களில் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவாக இருந்ததை 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நாங்கள் முந்திரி சுட்ட இடமும் ஊற்றுத் தோண்டிய இடமும் அந்த வகையில் ஊருக்கு மதிலாகவும் இருந்திருக்கின்றன.

இப்போது அந்தப் பள்ளத்தில் தோண்டினாலும் தண்ணீர் வரும். நான் குடிக்க மாட்டேன், யாரையும் குடிக்க விடவும் மாட்டேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு போகாது, கரைந்திருக்கும் ரசாயனமும் போகாது. கிணற்று நீர் நிறம் மாறியதை எங்கள் தலைமுறை பார்த்துவிட்டது. கேன்டர்பரி சொன்ன ஐந்து பொருளையும் இன்றைக்கு என் பையில் போட்டுக்கொள்ளலாம், ஆறாவதாக ஒரு தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டுதான் அக்கரைக்குப் போக வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பனை மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். மட்டை நார் உரிக்கத் தெரிந்தவர்கள், ஈர விறகில் தீ மூட்டத் தெரிந்தவர்கள், எந்தக் காற்று எதைக் கொண்டுவரும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமைகளில் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவந்து பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைக்க வேண்டும். அழைத்துவர நான் தயார்.