வடிவு வேறை, பிடிப்பு வேறை

வீட்டுப் பின்படிக்கு ஒரு கைபிடி வேணும். அம்மம்மா கிணற்றடிக்கு இறங்கும்போது அதில்தான் சாய்வார். நான் வெல்டிங் பழகத் தொடங்கியது இதற்காகத்தான். பூச்சாடி ஸ்டாண்டில் ஒட்டு விட்டுப்போனால் சாடிதான் உடையும். இது அப்படியில்லை.

பிளான்ட் சித்தப்பாவுடையது. புதிதாய்ப் பழகுகிற எல்லாருக்கும் ஒட்டு வடிவாய் வரவேணும் என்ற ஆசைதான் முதலில் வரும். காசுகளைச் சரித்து அடுக்கின மாதிரி அலை அலையாய். அப்படி ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"வடிவாத்தான் கிடக்கு. நிக்குமோ எண்டு தெரியுமே?" என்று கேட்டார். மேலால் பார்த்து அதை யாரும் சொல்ல ஏலாது. "உடைச்சுப் பார் தம்பி" என்றார்.

இரண்டு 5 மி.மீ. தகட்டுத் துண்டுகளில் ஒன்றைக் கிடத்தி, மற்றதை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டவேண்டும். ஆறியபின் கசடைத் தட்டிவிட்டு, வைஸில் இறுக்கி, நிற்கிற தகட்டை ஒட்டு இருக்கிற பக்கமாகவே சுத்தியலால் அடித்துச் சாய்க்கவேண்டும். அப்போது ஒட்டின் அடி பிளந்து உள்ளே இருப்பது தெரியும். தகட்டின் பழைய ஓரம் நேர்கோடாய் அப்படியே இருந்தால், இரும்பு உருகிச் சேரவில்லை, மேலே படிந்து மட்டும் இருக்கிறது. சிறு துளைகள் என்றால் காற்று அகப்பட்டிருக்கிறது. கறுப்புப் பொட்டுகள் என்றால் கசடு.

அதன்பிறகு ஒவ்வொரு துண்டிலும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 2.5 மி.மீ. 6013 றொட்டுக்கு 70 அம்பியர், பிறகு 80, பிறகு 85. றொட் முனைக்கும் இரும்புக்கும் இடைவெளி றொட்டின் தடிப்பளவு போதும். கூடினால் பொறி சிதறும். றொட்டின் மேல்பக்கம் போகிற திசைக்குச் சற்றுச் சாய்ந்திருந்தால் கசடு பின்னுக்கு நிற்கும். கண் பார்க்கவேண்டியது வெளிச்சத்தை இல்லை, அதற்குப் பின்னால் உருகி நிற்கிற சின்னக் குளத்தை. அது இரண்டு தகட்டையும் நனைக்கிறதா என்பதுதான் கேள்வி.

கைபிடியில் குழாய் மெல்லிசு, அடித்தகடு தடிப்பு. ஆகவே சூட்டைத் தகட்டுப் பக்கம் கூடுதலாய்க் காட்டவேண்டும். ஜீ.ஐ. குழாய் என்பதால் ஒட்டுமிடத்து நாகப் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுத்துவிட்டு, வெளியில் காற்றோட்டத்தில்தான் ஒட்டவேண்டும். அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நொடிகூடப் பார்க்கக்கூடாது. கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரியான எரிவு சில மணித்தியாலம் கழித்துத்தான் தொடங்கும்.

கிரைண்டர் பிடித்தால் எந்த ஒட்டும் வழவழப்பாகும். பெயின்ட் அடித்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலத்தான் தெரியும். அம்மம்மாவின் கைபிடியை உடைத்துப் பார்க்க ஏலாது. அதே றொட்டால், அதே அம்பியரில், அதே கையால் ஒட்டி உடைத்த துண்டுகளை நம்பித்தான் அதை நிறுத்தவேண்டும்.

கடைசி மூன்று துண்டிலும் ஒட்டு விடவில்லை, தகடுதான் மடங்கியது. வருகிற கிழமை குழாய் வெட்டுகிறோம்.