யாரைக் கணக்கில் சேர்த்தோம்?



பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றுக்கு, மாணவர்களின் வாசிப்பைச் சோதிக்க அதிகாரி ஒருவர் வந்தார். என் வகுப்பில் ஒரு மாணவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவன் கையில் பயிற்றி நூல்களைக் கொடுத்து, "தம்பி, இவற்றை நூலகத்தில் அடுக்கி வைத்துவிட்டு மெதுவாக வா" என்று அனுப்பிவிட்டேன். வகுப்பு பாராட்டுப் பெற்றது. திரும்பி வந்தவன் கேட்டான்: "டீச்சர், நான் படிக்க வேணாமா?"

அமெரிக்க மாநகரங்களின் வாசிப்பு அடைவுநிலையை ஒப்பிடும் அறிக்கைகளை அண்மையில் படித்தபோது, அந்தக் கேள்வி மீண்டும் என் முன் வந்து நின்றது.

அந்நாட்டில் 'நேப்' எனப்படும் தேசியக் கல்வி மதிப்பீடு ஒன்று உண்டு. அதன் ஒரு பிரிவாக 2002ஆம் ஆண்டு முதல் பெருநகரக் கல்வி மாவட்டங்களைத் தனித்தனியே அளந்து ஒப்பிடுகின்றனர். நியூயார்க், சிக்காகோ, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா ஆகியவை தொடக்கத்திலேயே பங்கேற்றவை. 2024இல் 26 மாவட்டங்கள் பங்கேற்றன. நான்காம், எட்டாம் வகுப்பு மாணவர்களுள் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கின்றனர்; 0 முதல் 500 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் தருகின்றனர். தனி மாணவருக்கோ தனிப் பள்ளிக்கோ மதிப்பெண் வெளியிடப்படுவதில்லை. பள்ளி வாசலில் பதாகை கட்ட வழியே இல்லை!

எனினும், பட்டியல் வந்தவுடன் முதலிடம் யார், கடைசி யார் என்றே எல்லாரும் பார்க்கின்றனர். டெட்ராய்ட் 2009இல் முதன்முறையாகப் பங்கேற்றது. நான்காம் வகுப்பு வாசிப்பில் பெருநகரங்களின் சராசரி 210. டெட்ராய்ட் பெற்றது 187. மறுபுறம் புளோரிடாவின் ஹில்ஸ்பரோ, வட கரோலினாவின் சார்லட் போன்றவை மேல்வரிசையில் நிற்கின்றன.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஹில்ஸ்பரோவும் சார்லட்டும் நகரத்தோடு சுற்றியுள்ள வசதியான புறநகர்களையும் உள்ளடக்கிய மாவட்டங்கள். டெட்ராய்ட், கிளீவ்லாந்து ஆகியவையோ நகர எல்லைக்குள் அடங்கியவை, வறுமை மிகுந்தவை. இரண்டுமே 'மாநகர மாவட்டம்' என்று ஒரே பட்டியலில் வருகின்றன. டெட்ராய்ட் மாணவர்கள் எழுவர் 2016இல் மாநில ஆளுநர் உள்ளிட்டோர்மீது வழக்கே தொடுத்தனர். போதிய பாடநூல் இல்லை, தகுதிபெற்ற ஆசிரியர் இல்லை, படிக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே மறுக்கப்படுகிறது என்பது அவர்களின் முறையீடு. 2020இல் அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. 187 என்ற எண்ணுக்குப் பின்னால் இத்தனை கதை!

என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. மேரிலாந்து மாநிலத்தில் 2013ஆம் ஆண்டு, கற்றல் குறைபாடுடைய மாணவர்களும் ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களும் பெருமளவில் வாசிப்புச் சோதனையிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அம்மாநிலத்தில் அவர்களுள் பலருக்குத் தேர்வின்போது பனுவலை வாசித்துக் காட்டும் சலுகை உண்டு. தேசிய மதிப்பீட்டிலோ வாசிப்புப் பகுதியில் அச்சலுகை கிடையாது. 2015இல் அவர்களுள் பலரைச் சேர்த்துச் சோதித்தபோது மாநிலத்தின் நான்காம் வகுப்பு மதிப்பெண் 232இலிருந்து 223க்கு இறங்கியது. ஆசிரியர்கள் திடீரெனச் சோம்பேறிகள் ஆகிவிட்டனரா? இல்லை. முன்பு எண்ணப்படாத பிள்ளைகள் இப்போது எண்ணப்பட்டனர்.

இத்தகைய குறைகளைக் களையவே, தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களுள் 95 விழுக்காட்டினரையாவது சோதிக்க வேண்டும் என்ற இலக்கை அம்மதிப்பீட்டின் ஆட்சிக் குழு 2010இல் வகுத்திருந்தது. விலக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதையும் அறிக்கையில் வெளியிடுகின்றனர்.

அப்படியானால் ஒப்பீடே வேண்டாமா? வேண்டும். ஒரு மாவட்டத்தை அதன் நேற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் பயன் உண்டு. நான்காம் வகுப்பு வாசிப்பில் பெருநகரங்களின் சராசரி 2002இல் 202, 2019இல் 212. அதே காலத்தில் நாட்டின் பொதுப் பள்ளிகளின் சராசரி 217இலிருந்து 219க்கு மட்டுமே உயர்ந்தது. இடைவெளி 15இலிருந்து 7ஆகக் குறைந்தது. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த நகரப் பள்ளிகளாலும் முன்னேற முடியும் என்பதற்கு இதுவே சான்று. பெருந்தொற்றுக்குப் பின் 2024இல் அச்சராசரி 208ஆக இறங்கியதையும் இதே அளவீடுதான் காட்டிக்கொடுத்தது. அளக்காமல் இருந்திருந்தால் இரண்டுமே நமக்குத் தெரிந்திரா.

நம் நாட்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆனால், பள்ளியோடு பள்ளியை ஒப்பிடும் ஆசை நம் மனத்திலிருந்து அகன்றுவிட்டதா? பெற்றோர்களே, "நம் பள்ளி எத்தனையாவது இடம்?" என்று கேட்பதற்கு முன், "எத்தனை பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிச் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களையும் நேர்மையாக வைத்திருக்கும்.

இப்பொழுதெல்லாம் யார் வகுப்பைப் பார்வையிட வந்தாலும், திக்கித் திணறிப் படிக்கும் பிள்ளையும் தன் இடத்திலேயே இருக்கிறது. எண்ணிக்கை சற்றுக் குறையத்தான் செய்கிறது. ஆனால், அந்தப் பிள்ளைக்குக் குறைநீக்கல் வகுப்பு தேவை என்பது அதிகாரிக்கும் தெரிகிறது; உதவியும் கேட்க முடிகிறது. அன்று நூலகத்திற்கு அனுப்பப்பட்ட மாணவனுக்கு அந்த வாய்ப்பை நான்தான் மறைத்துவிட்டேன். அவன் கேட்ட கேள்விக்கு, "ஆமாம் தம்பி, நீதான் முதலில் படிக்க வேண்டும்" என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.