‘டக்’ என்று ஒரு சத்தம்

லாரியின் முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் எழுதியிருக்கும் வாசகத்தைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

நடுவில் நீளமாக ஒரு இரும்புக் குழாய் இருக்கும். முன்னால் இருக்கும் இன்ஜினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது அதுதான். புரொப்பல்லர் ஷாஃப்ட் என்பது முழுப்பெயர். பட்டறையில் வெறும் ‘ஷாஃப்ட்’. அந்தக் குழாய் மடங்கும் இடங்களில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் யுனிவர்சல் ஜாயிண்ட்டின் உயிர். மெக்கானிக்குகள் அதை ‘கிராஸ்’ என்பார்கள். ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால், பத்து டன் லோடும் அதை நம்பித்தான் நகர்கிறது.

மதுரையில் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது ஒரு பழைய ஆறு சக்கர லாரி. அப்பாதான் ஓனர், அப்பாதான் டிரைவர். மூன்று பிள்ளைகள் படித்ததும், என் கல்யாணத்துக்கு நகை வாங்கியதும் அந்த வண்டியின் வாடகையில்தான். அதனால் அடுப்படியில் அம்மா சமையல் பற்றிப் பேசுவதுபோல, எங்கள் வீட்டுத் திண்ணையில் கிராஸ், கிளட்ச், கிரவுன் என்றுதான் பேச்சு ஓடும்.

“இந்த கிராஸ் எதுக்குப்பா? நேரா ஒரு கம்பியையே மாட்டிட்டா என்ன?” என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

அவர் தன் மணிக்கட்டை ஆட்டிக் காட்டினார். “இன்ஜினும் கியர் பாக்ஸும் சேஸிஸோட போல்ட் போட்டு நிக்குது தாயி. பின்னாடி அச்சு ஸ்பிரிங்ல தொங்குது. பள்ளத்துல இறங்கினா கீழ போகும், மேட்டுல மேல வரும். நேரா கம்பி போட்டா முறிஞ்சு போகும். உன் மணிக்கட்டு மாதிரி மடங்கணும், மடங்கிக்கிட்டே சுத்தணும்.”

பிற்பாடு கல்லூரியில் படித்தபோதுதான் இந்த மணிக்கட்டுக்கு ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. 16-ம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் இதை ‘கார்டன் ஜாயிண்ட்’ என்றும் சொல்வார்கள். 17-ம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இதன் சுழற்சியில் இருக்கும் ஒரு கோணலைக் கவனித்தார். 1903-ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வாகனத்துக்கு ஏற்ற ஜாயிண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பல கார்கள் சைக்கிள் போலச் சங்கிலியில் ஓடிக்கொண்டிருந்தன.

ஆனால், கிராஸ் எப்படித் தேய்கிறது என்று புத்தகத்தில் படித்ததைவிட மதுரையைச் சுற்றியுள்ள ரோடுகளும் வயல்களும்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. கூட்டல் குறியின் நான்கு கைகளிலும் நான்கு ‘கப்’ மாட்டியிருக்கும். ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள். அவற்றுக்கு நடுவே கிரீஸ். அந்த கிரீஸ் இருக்கும்வரை கவலை இல்லை. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் நெல் அறுப்பு சமயத்தில் வயலோரம் இறங்கும் லாரி சேற்றையும் தண்ணீரையும் மிதித்துத்தான் வெளியே வரும். கப்பின் ரப்பர் சீல் கொஞ்சம் விட்டிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். சேற்றில் சக்கரம் மாட்டிக்கொண்டால் டிரைவர் முன்னும் பின்னும் உதைத்து எடுப்பார். அந்த ஒவ்வொரு உதையும் விழுவது கிராஸின் மேல்தான். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் போனால் கரிசல் மண். வெயில் காலத்தில் தூளாகப் பறந்து அதே சீல் வழியாக நுழையும். இதோடு ஓவர்லோடும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

தேய ஆரம்பித்த கிராஸ் சும்மா இருக்காது, சத்தம் போட்டுச் சொல்லும். நின்ற வண்டியை முதல் கியரில் எடுக்கும்போதும், முன்னே போய்விட்டு ரிவர்ஸ் போடும்போதும் அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். கிரீஸ் வற்றியிருந்தால் மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல ‘கீச் கீச்’. இன்னும் மோசமானால் வேகம் கூடும்போது கேபின் தரையே அதிரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. மதுரையிலிருந்து கம்பத்துக்கு உர மூட்டை லோடு. நானும் கேபினில் இருந்தேன். செக்கானூரணியில் ஒரு வேகத்தடை தாண்டி கியர் போட்டபோது ‘டக்’. அப்பா ரேடியோவை நிறுத்தினார். அடுத்த ஊரில் மறுபடியும் ‘டக்’. உசிலம்பட்டி நெருங்கும்போது ‘கீச்’ சத்தமும் சேர்ந்துகொண்டது. ஊருக்குள் நுழைந்ததும் ரோட்டோரப் பட்டறை ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார்.

“இன்னும் கொஞ்ச தூரம்தானே அண்ணே? தேனில போய்ப் பாத்துக்கலாம்” என்றார் கிளீனர்.

“நடுவுல கணவாய் இருக்குல்ல?” என்றார் அப்பா.

உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே இருக்கும் கணவாயைத்தான் சொன்னார். மேட்டில் சின்ன கியரில் இழுக்கும்போது ஷாஃப்ட்டில் முறுக்கு மிக அதிகம். அதைவிட அப்பா பயந்தது இறக்கத்துக்கு. இறக்கத்தில் வண்டியைப் பாதி பிடித்து நிறுத்துவது கியர்தான். அந்தப் பிடி ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. கிராஸ் முறிந்தால் அந்தப் பிடி போய்விடும், பிரேக் ஒன்றுதான் மிச்சம். முறிந்த ஷாஃப்ட் சுழன்றடித்து ஏர் பைப்பை வெட்டிவிட்டால் அந்த பிரேக்கும் சந்தேகம். முன்முனை கழன்று ரோட்டில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும்.

சரக்குக்காரருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் அவர் கத்தியது வெளியே நின்ற எனக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் லோடு வராவிட்டால் பாதி வாடகைதான் என்றார். “சரிங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் போவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி இன்றும் நினைவிருக்கிறது: “கட்டை போட்டாச்சா?”

கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நகராது என்று நாம் நினைப்போம். ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. கொஞ்சம் சரிவாக இருந்தாலும் வண்டி உருண்டுவிடும். அடியில் இருப்பது மனிதர். அதனால் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைத்த பிறகுதான் ஸ்பேனரையே எடுக்க வேண்டும். சமதரைதானே என்று விடக் கூடாது.

அடியில் போனவர் முதலில் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கினார், பிறகு மேலும் கீழும் ஆட்டினார். ‘டக்’ சத்தம் பின்னால் ஹவுசிங்கிலிருந்தும் வரலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? கிராஸின் இரண்டு பக்கமும் கை வைத்து முறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாகத் திரும்பினால் ஜாயிண்ட் சரி, ஆட்டம் கிரவுன் - பினியனில். ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் நின்றால் கிராஸ் போய்விட்டது. எங்கள் வண்டியில் பின்பக்க கிராஸ் நன்றாகவே ஆடியது. ஒரு கப்பின் ஓரத்தில் துருத்தூள் கசிந்திருந்தது.

கழற்றும் முன் உளியால் ஷாஃப்ட்டிலும் எதிரே இருந்த பிளாஞ்சிலும் சின்னதாக அடையாளம் வெட்டினார். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் சறுக்கு ஜாயிண்ட்டின் இரண்டு பக்கமும் அப்படியே. அன்று எனக்குக் காரணம் தெரியவில்லை. ராபர்ட் ஹூக் கவனித்த கோணல் இதுதான்: மடங்கிய நிலையில் சுற்றும் ஜாயிண்ட், ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். ஷாஃப்ட்டின் இன்னொரு முனையில் இருக்கும் ஜாயிண்ட் அதைச் சமன் செய்யும். ஆனால், இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால்தான் சமனாகும். ஒரு பல் மாற்றி மாட்டினாலும் புது கிராஸ் போட்டும் வண்டி அதிரும். உளியால் வெட்டிய அந்தக் கோடு ஹூக்கின் கணக்குக்கு உசிலம்பட்டி மெக்கானிக் எழுதிய விடை!

லாக்குகளை எடுத்து, கப்புகளைத் தட்டி வெளியே எடுத்தார். மூன்று கப்புகளில் ஊசிகள் இருந்தன. நான்காவதைக் கவிழ்த்ததும் செம்மண் மாதிரி தூள் கொட்டியது. கிராஸின் அந்தக் கையில் ஊசிகள் பதிந்த பள்ளங்கள் வரிவரியாகத் தெரிந்தன. “நகத்தால தடவிப் பாரு பாப்பா” என்றார். நகம் மாட்டியது. அப்பாவிடம் திரும்பி, “அண்ணே, இது கணவாய் தாண்டியிருக்காது” என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. டீ சொல்லி அனுப்பினார்.

புது கிராஸும் நான்கு கப்புகளும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கிராஸில் புது கப் மட்டும் மாட்டினால் சீக்கிரம் மறுபடியும் பட்டறைதான். மாட்டும் முன் கப் உட்காரும் ஓட்டையைத் துடைத்துப் பார்த்தார். புது கப் இறுக்கமாக ஏற வேண்டும். கையால் தள்ளினாலே உள்ளே போனால் அந்த ஓட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தகரத்துண்டு வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. கணவாய் ஏறும் வண்டிக்கு அந்தச் சமாளிப்பு ஆகாது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். நல்லவேளை, எங்கள் வண்டியில் அது சரியாக இருந்தது.

ஊசிகள் விழாமல் இருக்கக் கப்புக்குள் கிரீஸ் பூசி, கிராஸை நடுவில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒரு கப் பாதியில் நின்றது. அவர் சுத்தியலை ஓங்கவில்லை. திரும்ப வெளியே எடுத்தார். ஒரு ஊசி சாய்ந்து அடியில் கிடந்தது. அடித்து ஏற்றியிருந்தால் புது கப் அங்கேயே செத்திருக்கும். ஊசியை நிமிர்த்தி மறுபடி மாட்டினார். லாக் நான்கும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவினார். கையால் ஆட்டினால் எல்லாப் பக்கமும் இறுக்கமும் இல்லாமல் லொடலொடவென்றும் இல்லாமல் மடங்கியது. அடையாளம் பார்த்து ஷாஃப்ட்டை ஏற்றி, போல்ட்டுகளை முடுக்கி, கிரீஸ் கன்னை வைத்து அடித்தார். நான்கு கப்பின் ஓரத்திலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை நிறுத்தவில்லை. ஒரு கப்பில் வராவிட்டால் அந்தக் கை காய்ந்துதான் ஓடும்.

“அஞ்சு கிலோமீட்டர் போய் நிறுத்துங்கண்ணே. கப்பைத் தொட்டுப் பாருங்க. கை சுட்டா திரும்பி வந்துருங்க. போல்ட்டையும் ஒருதடவை முடுக்கிருங்க.”

கணவாய் அடிவாரத்தில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தோம். சூடு இல்லை. கம்பம் போய்ச் சேர ராத்திரி ஆகிவிட்டது. சொன்னபடியே பாதி வாடகைதான் கிடைத்தது. மெக்கானிக் கூலியும் கிராஸ் விலையும் போக அந்த நடையில் கையில் எதுவும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கணக்குச் சொன்னபோது அப்பா முகத்தில் வருத்தமே இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. என் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்த பிறகு விளங்கியது.

இதெல்லாம் லாரிக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜின் முன்னாலும், இழுக்கும் சக்கரம் பின்னாலும் இருக்கும் பஸ், வேன், ஜீப் பலவற்றிலும் இதே கிராஸ்தான் சுற்றுகிறது. பிள்ளைகள் போகும் வேன் கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ‘டக்’ என்றால், தயங்காமல் டிரைவர் அண்ணனிடம் சொல்லுங்கள். “ஷாஃப்ட் கிராஸை ஒருதடவை பாத்துருங்கண்ணே” என்றால் போதும், அவருக்குப் புரியும்.

அப்பா இப்போது ஓட்டுவதில்லை. காது கொஞ்சம் மந்தம், நாங்கள் கூப்பிடுவது பல நேரம் கேட்பதில்லை. ஆனால், தெருமுனையில் ஒரு பழைய லாரி கியர் மாற்றினால் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவார். “கிராஸ் போச்சு. யாராச்சும் அவன்கிட்ட சொல்லுங்கப்பா” என்பார். வீட்டில் இருக்கும் பேரன்களில் யாராவது ஒருவன் ஓட வேண்டும். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தபிறகுதான் மறுபடி பேப்பரைப் பிரிப்பார்.