குடிலில் யார் படுப்பது

டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில் முதல் வழக்கு கொக்கிக்காக. முன்னறை உத்தரத்தில் இருப்பது ஒரே ஓர் இரும்புக் கொக்கி. வருஷா வருஷம் அதில் காகித நட்சத்திரம் தொங்கும். ராத்திரியில் ஜன்னல் வழியாகத் தெருவுக்கே தெரியும். இந்த வருஷம் அதில் மருமகளின் பழைய நூல் சேலை ஏணையாகத் தொங்குகிறது. ஏணைக்குள் என் இரண்டாவது பேத்தி, ஏழு மாதம்.

"ஆயா, அத அவுத்துட்டு ஸ்டார் கட்டலாமா?" என்று கேட்டாள் பெரியவள். அவளுக்கு மூன்றரை வயது.

"பாப்பாவ எங்க போடறது?"

"கீழ."

கடைசியில் நட்சத்திரம் வாசலுக்குப் போயிற்று. துணி காயப்போடும் கம்பியில் கட்டினோம். இரண்டு நாள் பனியில் நனைந்து அதன் முனைகள் தொங்கிவிட்டன. பெரியவளுக்கு அதில் ஒரு திருப்தி, தன் யோசனையைக் கேட்காததற்கு இதுதான் பலன் என்பதுபோல.

கம்பைநல்லூரில் எங்கள் தெருவில் நட்சத்திரம் கட்டுகிற வீடு எங்களுடையது மட்டும்தான். பூர்வீகம் கோவிலூர். வாத்தியார் வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டோம். தருமபுரி மாவட்டத்தில் கோவிலூர், பி. பள்ளிப்பட்டி மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. அங்கே கிறிஸ்துமஸ் வந்தால் ஊரே தயாராகும். இங்கே ஒரு வீடு தயாராகிறது, அதுவும் ஏணையை ஆட்டிக்கொண்டே.

திருவருகைக் காலம் நான்கு ஞாயிறு. ஊதாத் துணி, வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. காத்திருங்கள், விழித்திருங்கள் என்று கோயிலில் சாமியார் பிரசங்கம் வைப்பார். விழித்திருப்பதில் எங்களுக்குக் குறை இல்லை. சின்னவள் அதைப் பார்த்துக்கொள்கிறாள். காத்திருப்பதுதான் பெரியவளிடம் நடக்காது. அவளுக்கு நடந்து முடிந்தது எல்லாம் நேற்று, நடக்கப் போவது எல்லாம் நாளை. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் அப்பா தினமும் போனில் "நாளைக்கா வர்றீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். இருபத்தி நாலாம் தேதிதான் லீவு என்பதை அவளுக்குப் புரியவைக்க ஒரு வழியும் இல்லை.

குடிலுக்குப் புல் வேண்டும் என்று தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு விதைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மூடி வைத்துத் தண்ணீர் தெளித்தால் பண்டிகைக்குள் விரலளவு பச்சை நிற்கும். விதைத்த அன்று சாயங்காலமே பெரியவள் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "வரல" என்றாள். மறுநாள் காலையிலும் கிளறினாள். நான் வேறொரு தட்டில் விதைத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, முதல் தட்டை அவளுக்கே விட்டுவிட்டேன். ஆச்சரியம், கிளறின தட்டிலும் அங்கங்கே முளைத்தது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், மாரியம்மனுக்கு இப்பவே முளைப்பாரியா?" என்றார். அப்படியும் சொல்லலாம் என்றேன்.

அந்த அம்மா வீட்டில் மார்கழி பிறந்தால் விடிகாலையில் கோலம், சாணி உருண்டை, அதன்மேல் பறங்கிப்பூ. மார்கழி ஒன்று பெரும்பாலும் டிசம்பர் 16. எங்களுக்கும் அன்றுதான் கிறிஸ்துமஸ் நவநாள் தொடக்கம். ஆகவே அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பக்தி சூடு பிடிக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது சின்னவளின் தூக்கம். ராத்திரி பதினோரு மணிக்குப் பங்கிலிருந்து வேன் நிறையப் பையன்கள் கேரல் பாட வருவார்கள், டிரம்மோடு. அவளை மறுபடி தூங்கவைத்துக் கண்ணசரும்போது மணி இரண்டு. நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி. இரண்டு மதத்தாரும் உட்கார்ந்து பேசி, ஏழு மாதக் குழந்தை உள்ள தெருக்களுக்கு ஒரு சலுகை தரலாம். ஆனால் பொழுது விடிந்ததும் தேசிநாதேஸ்வரர் கோயிலிலிருந்து எதிர்வீட்டு அம்மா தொன்னையில் வெண்பொங்கல் கொண்டுவந்து பெரியவளுக்கு ஊட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு புகார் எப்படிச் சொல்வது?

கேரல் பையன்களோடு வருகிற கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த பிளாஸ்டிக் முகமூடியைத் தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. சிரித்த வாய் அசையாமல் இருக்க, உள்ளிருந்து வேறு யாரோ மூச்சு வாங்குகிறார்கள். அதைப் பார்த்து ஒரு மூன்று வயதுப் பிள்ளை அலறினால் பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது என்று அர்த்தம். நாமோ "தாத்தா பாரு, மிட்டாய் வாங்கு" என்று பிள்ளையை அதன் கையிலேயே தூக்கிக் கொடுத்து போட்டோ எடுக்கிறோம். எங்கள் பெரியவள் என் சேலைக்குள் புகுந்துகொண்டு வெளியே வரவில்லை. மறுநாள் தலையணை உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவளே தாத்தா ஆனாள். ஏணைக்குள் எட்டிப் பார்த்து மிரட்டினாள். சின்னவள் சிரித்தாள்.

பலகாரம் இன்னொரு கதை. அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், பாகு யாருக்காகவும் நிற்காது. தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற அந்தப் பதம் கண் சிமிட்டும் நேரம்தான். சரியாக அந்த நேரத்துக்குத்தான் ஏணை அசையும். மருமகள் கரண்டியோடு என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். முறுக்கில் இந்தச் சிக்கல் இல்லை. பாதியில் விட்டுப் போனாலும் மாவு கோபித்துக்கொள்ளாது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு என் சிபாரிசு முறுக்கு.

பெரியவளுக்கு எண்ணெய்ச் சட்டிப் பக்கம் அனுமதி இல்லை. அவளுக்கென்று ஒரு வேலை வேண்டும். நல்ல வேளை, பனி விழத் தொடங்கினால் எங்கள் பக்கம் பச்சை அவரை காய்த்துத் தள்ளும். கொட்டையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் பிதுக்கினால் தோல் கையோடு வந்து பருப்பு எகிறும். பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும் இந்த மாதத்துச் சாப்பாடு. அவளை ஒரு கிண்ணத்தோடு உட்கார்த்தினால் ஒரு மணி நேரம் அசையமாட்டாள். பருப்பு பாதி கிண்ணத்தில், பாதி சுவரில். குடில் வைக்க இடம் ஒதுக்கிய மூலையில் பெருக்கும்போதெல்லாம் அவரைப் பருப்பு வருகிறது.

சின்னவளுக்குக் கேழ்வரகுப் பால். ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, தெளிந்ததைக் கூழாய்க் காய்ச்சுவது. என் மகனுக்கு இதே கூழைப் போர்த் தண்ணீரில்தான் காய்ச்சினேன்; அன்று வேறு தண்ணீர் கிடையாது. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். என் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தால் முன்பல்லில் பழுப்புக் கோடு தெரியும். சில பெண் பிள்ளைகள் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இப்போது காவிரித் தண்ணீரில் கூழ் காய்கிறது. சின்னவளுக்குக் கீழ்ப்பல் இரண்டு வெள்ளையாக முட்டிக்கொண்டு வருகிறது. கடிக்கிறாள்.

முறுக்கு சுட்ட அன்று உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஏணையை விலக்கிப் பார்த்துவிட்டு ஒருத்தி, "இதுவும் பொண்ணா?" என்றாள். மற்றவள் ஆறுதலாக, "அடுத்தது பையன்தான், குழந்தை ஏசு குடுப்பாரு" என்றாள். மருமகள் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்ததுன்னு யாருங்க்கா சொன்னது?" என்றாள். அதோடு பேச்சு முறுக்குக்கு உப்பு போதுமா என்பதற்குப் போய்விட்டது.

எனக்கு மட்டும் அது அங்கேயே நிற்கிறது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். 2001-இல் அது எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்று ஓர் அரசாங்கமே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நாட்களில் பயிற்சி வகுப்புக்காக வெளியூர் போய்த் தருமபுரி என்று சொன்னால் அடுத்த கேள்வி கள்ளிப்பால் பற்றித்தான் இருக்கும். கோபம் வரும். பிறகு என் வகுப்பில் முதல் பெண், அப்புறம் இரண்டு பையன் என்று இருக்கிற வீடுகளை நினைத்துப் பார்ப்பேன். நடுவில் விட்டுப்போன வருஷங்களைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதில்லை. வயிற்றிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994-இல் சட்டம் தடுத்தது. அப்படிப் பார்த்துச் சொன்னவர்கள் பிடிபட்டார்கள் என்ற செய்தி இந்த மாவட்டத்திலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் முடிந்து டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். அவன் தேடியது இரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள ஆண் குழந்தைகளை. அந்தக் கணக்குப்படி என் வீட்டில் யாருக்கும் ஆபத்தில்லை. எங்கள் மாவட்டத்துக் கணக்கு வேறாக இருந்தது.

குடிலை இருபதாம் தேதியே வைத்துவிட்டோம். கேழ்வரகுத் தாள் பரப்பி, முளைத்த இரண்டு தட்டும் இரு பக்கம். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஒரு காது உடைந்த கழுதை. குழந்தை ஏசு சுரூபத்தை மட்டும் பீரோவில் பூட்டினேன். அது இருபத்தி நாலாம் தேதி நள்ளிரவில்தான் வரவேண்டும். அதுவரை தீவனத் தொட்டி காலியாக இருப்பது முறை. அசிசி பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தபோதும் தொட்டியில் வைக்கோல்தான் இருந்தது என்று படித்திருக்கிறேன். மாடும் கழுதையும் மட்டும் நிஜம்.

பெரியவளுக்கு இந்த முறை பிடிபடவில்லை. "பாப்பா எங்க?" என்றாள். இன்னும் பிறக்கவில்லை என்றேன். மாதாவின் வயிற்றை உற்றுப் பார்த்தாள். அம்மாவுக்குப் பார்த்த வயிறு அவளுக்கு ஞாபகம் இருக்கும்போல. அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவள் முடிவு எடுத்துவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் தொட்டியில் அவளுடைய பொம்மை, சிவப்புக் கவுன், ஒரு கண் மூடாது. மேலே என் கைக்குட்டை போர்த்தியிருந்தது. தலைமாட்டில் எதிர்வீட்டுக் கோலத்திலிருந்து எடுத்த பறங்கிப்பூ.

மருமகள், "அத்தை, எடுத்துடட்டுமா? யாராவது பாத்தா?" என்றாள். பார்க்கட்டும் என்றேன். அந்த உறவுக்காரப் பெண்கள் மறுபடி வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுவதாகவும் இருக்கிறேன். பொம்மை பெரிது, கால் இரண்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இடையர்களைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.

இனி மிச்சம் இருப்பது இருபத்தி நாலாம் தேதி ராத்திரி. பூசை கோவிலூரில். போன தடவை கைக்குழந்தை இருந்தபோது மருமகள்தான் வீட்டில் தங்கினாள். இந்த வருஷமும் "நீங்க போய்ட்டு வாங்க அத்தை, நான் பாப்பாவோட இருக்கேன்" என்று தொடங்கினாள். அதெல்லாம் வேண்டாம், எல்லோரும் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். வேன் பேசியாயிற்று. சின்னவளுக்குக் குரங்குக் குல்லாவும் கம்பளிச் சால்வையும் வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. வழியில் பசித்தால் பிளாஸ்கில் கூழ்.

சிக்கல் பெரியவள்தான். "உன்னதங்களிலே" பாடும்போது மணி அடித்துக் குழந்தை ஏசுவைத் திறந்து காட்டுவார்கள். அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். ஒன்பது மணிக்கே சாய்ந்துவிடுகிற பிள்ளை நள்ளிரவு வரை எப்படி விழித்திருப்பாள்? மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினால் முடியும். மத்தியானம் அவள் தூங்கிப் பல மாதம் ஆகிறது. யார் தூங்கவைப்பது என்று நேற்று நானும் மருமகளும் பேசிப் பார்த்தோம். அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கப் போகிற அவள் அப்பனிடம் விட்டுவிடலாம் என்று முடிவு. ராத்திரி முழுக்க ஓசூர் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தவன் அவளுக்கு முன் தூங்கிவிடுவான், அதற்கும் ஏதாவது யோசிக்க வேண்டும்.